தாயின் தலையில் ஏற்றிய பழி

“எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததே இல்லை.” நம் சமுதாயத்தில் ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைக்க இந்த ஒரு வாக்கியம் போதும். கண்ணோரம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க, மூக்குத்தண்டு தாழ்ந்திருக்க, கைகால்கள் துவண்டு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், மருத்துவர் சோதித்து முடிப்பதற்குள் வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. கிரகணத்தன்று முற்றத்தில் நின்றாள்; பப்பாளி தின்றாள்; சூல்கொண்ட நிலையில் மவுத்தான வீட்டுக்குப் போனாள்; மாமியாரின் மனத்தை நோகச் செய்தாள். குற்றப் பத்திரிகையின் வாசகம் வீட்டுக்கு வீடு மாறும். குற்றவாளி மட்டும் மாறுவதில்லை. அவள் அந்தக் குழந்தையின் தாய்.

இது பொய்த் தீர்ப்பு என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். மெல்லச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இப்பழியைச் சுமத்துவோரில் எழுத்தறியாதார் உண்டு, பட்டம் பெற்றோர் உண்டு, தலைப்பாகை கட்டி மிம்பரில் ஏறும் எம் இனத்தவரும் உண்டு. பெற்றோர் செய்த பாவத்தின் கூலியே இத்தகைய பிள்ளை என்று ஒரு பயானில் என் காதாலேயே கேட்டேன். ஒருவர் பாவத்தைப் பிறர் தலையில் வைக்காத மார்க்கம் இது என்பதை மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினர். அப்பேச்சை நாயகமே மறுத்தார்கள். அந்த ஹதீஸை மாணவர்க்கு ஓதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கருவுற்ற மருமகளைக் கிரகணத்துக்கு அஞ்சி அறைக்குள் இருத்தி வைக்கும் ஆலிம்களை நான் அறிவேன்.

அப்படியானால் உண்மைக் காரணம் யாது?

நம் உடலின் உயிரணுக்களுக்குள்ளே, கருவின் நடுவில், நுண்ணிய இழைகள் சில உள்ளன. குரோமோசோம் என்பது அவற்றின் பெயர். நிறம், உடல் என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உண்டானது இச்சொல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனை ‘நிறமூர்த்தம்’ என்று அழகாகவே பெயர்த்தன. சாயத்தை நன்கு பற்றிக்கொள்வதால் இவற்றுக்கு இப்பெயர் வந்தது. பட்டுக்குச் சாயம் காய்ச்சும் காஞ்சிபுரத்தில் வாழும் எனக்கு இப்பெயர்க்காரணம் மிகவும் பிடிக்கும்.

இங்கே தறிக்கூடம் எதிலாவது நுழைந்து, தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியை அண்ணாந்து பாருங்கள். துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மாலை போலத் தொங்கும். எந்தப் பாவு இழை எப்போது மேலெழ வேண்டும் என்பதைச் சொல்பவை அந்தத் துளைகளே. நாடா ஒருமுறை ஓடியதும் அடுத்த அட்டை வந்து நிற்கும். மயிலும் மாங்காயும் அன்னமும் நெசவாளியின் கையில் பிறப்பதாக நாம் காண்கிறோம். அவற்றின் கணக்கு அட்டையில் இருக்கிறது. குரோமோசோம்களை அத்தகைய அட்டைக் கட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். தந்தையிடமிருந்து 23 கட்டு, தாயிடமிருந்து 23 கட்டு, ஆக 46. கோக்கும்போது ஒரு கட்டு கூடுதலாகச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? பட்டு நல்ல பட்டு; ஜரிகை நல்ல ஜரிகை; நெய்தவள் கைத்திறனில் குறையில்லை; ஆயினும் பூவேலை வேறாக வரும். தறியை நிறுத்தி அட்டையைக் கழற்றிவிடலாம், உடலில் அவ்வாறு கழற்ற வழியில்லை. உவமை அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

46 என்ற எண்ணிக்கையே அறிவுலகத்துக்கு எளிதில் கிட்டவில்லை. அமெரிக்க அறிஞர் பெயின்டர் 1923இல் 48 என்று எண்ணிச் சொன்னதை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் டிஜோ என்பார், சுவீடன் நாட்டில் ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து, 1956இல் அது 46 என்று நிலைநாட்டினார். மேற்சொன்ன முகத்தோற்றமும் அறிவு வளர்ச்சியில் தாமதமும் உடைய பிள்ளைகளை 1866இலேயே இங்கிலாந்து மருத்துவர் லாங்டன் டவுன் விவரித்து எழுதியிருந்தார். அவர் பெயராலேயே இன்று டவுன் சிண்ட்ரோம் என்கிறோம். அவர் இப்பிள்ளைகளை மங்கோலிய இனத்தாரோடு ஒப்பிட்டுப் பேசியது பெரும்பிழை. 1961இல் மருத்துவ அறிஞர்களே அப்பெயரை எதிர்த்து எழுதினர். மங்கோலிய நாடு முறையிட்டதன் பேரில் 1965இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. நம்மிடையே மட்டும் ‘மங்கோல் பிள்ளை’ என்னும் சொல் இன்னும் சிலர் நாவில் புழங்குகிறது.

காரணம் விளங்கியது 1959இல். பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜன், மார்த் கோத்தியே, ரேமோன் டுர்பேன் ஆகிய மூவரும், இப்பிள்ளைகளின் உயிரணுக்களில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை வெளியிட்டனர். உயிரணுக்களை வளர்த்துச் சோதிக்கும் வித்தையை அந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் கோத்தியே என்னும் பெண்மணி. புகழ் நெடுங்காலம் லெஜன் ஒருவருக்கே போயிற்று. அந்த அம்மையாரின் பங்கை பிரெஞ்சு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு எடுத்துரைத்தது 2014இல்தான். பழி வந்தால் பெண்ணின் தலைக்கும் புகழ் வந்தால் ஆணின் தலைக்கும் போகிற வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று போலும்.

ஏன் மூன்றாகிறது? கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 46 என்பது பாதியாகப் பிரிந்து 23 ஆக வேண்டும். அப்பிரிவினையில் 21ஆம் இணை மட்டும் பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுவதுண்டு. அத்தகைய அணு மற்றதோடு சேரும்போது 47 ஆகிவிடுகிறது. உலகெங்கும், எல்லா இனத்திலும் எல்லா மதத்திலும், ஏறத்தாழ 700 முதல் 1000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது நேர்கிறது. வம்சம் பார்த்து வருவதாக இருந்தால் இந்தக் கணக்கு இப்படி இராது.

இங்கே, படித்த எதிர்வாதி ஒருவர் எழுந்து நிற்பார். “இப்பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்குக் கூடுதல் குரோமோசோம் கருமுட்டை வழியாகத்தானே வருகிறது? ஆகவே தாய்தானே காரணம்?” என்பார். கணக்கு சரி, முடிவு தவறு. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் பிரியத் தொடங்கும் காலம் எது? அவள் தன் தாயின் கருவறையில் கிடக்கும் காலம். தொடங்கிய பிரிவினை பாதியில் நின்று, பல்லாண்டு அப்படியே உறங்கி, அந்த முட்டை வெளிப்படும் மாதத்தில் மீண்டும் தொடர்கிறது. அதன் கடைசிக் கட்டமோ விந்தணு வந்து சேர்ந்த பிறகே முடிகிறது. இந்த நெடிய காத்திருப்பில் எந்தக் கணத்தில் அவளுடைய விருப்பம் புகுந்தது? எந்தக் கணத்தில் அவளுடைய அலட்சியம் புகுந்தது? ஃபிக்ஹுக் கலை பயின்றோர் அறிவர்: ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டுமானால் அவருடைய செயல் வேண்டும், அதில் நாட்டமோ கவனக் குறைவோ இருத்தல் வேண்டும். நேர்ந்த இடம் இது என்பது மட்டும் குற்றமாகாது. இடி விழுந்த வீட்டுக்காரனைக் காஜியிடம் இழுத்துச் செல்வார் உண்டோ?

தாயின் வயது ஏற ஏற வாய்ப்பும் கூடுகிறது என்பது உண்மையே. 20 வயதில் சுமார் 1500 பிறப்புக்கு ஒன்று. 35இல் சுமார் 350க்கு ஒன்று. 40இல் சுமார் 100க்கு ஒன்று. இதைக் கேட்டதும், “முதிர்கன்னியைக் கட்டினால் இப்படித்தான்” என்று பேசும் வாய்களுக்கு ஒரு கேள்வி. கைக்கூலிப் பேரம் படியாமல் அவளை 30 வயது கடந்தும் தந்தை வீட்டில் காத்திருக்க வைத்தது யார்? அன்றியும், இளம் தாய்மாருக்கே பிறப்புகள் மிகுதி. ஆதலால் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குட்பட்ட தாய்மாருக்கே பிறக்கின்றனர்.

இன்னொரு வகையும் உண்டு. நூற்றுக்கு மூன்று நான்கு பிள்ளைகளிடத்தில் கூடுதலான 21ஆம் குரோமோசோம் தனியே நில்லாமல் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்களுள் சிலருக்கு அது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்ததாக இருக்கும். அந்த ஒருவர் முழு ஆரோக்கியத்தோடு, எவ்வித அறிகுறியும் இன்றி உலவுவார். அவர் தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். இரத்தம் எடுத்துக் குரோமோசோம் சோதனை செய்தாலன்றி எவருக்கும் தெரியாது. எங்கள் வம்சத்தில் இல்லை என்று மார்தட்டும் குடும்பத்தாரே, உங்கள் மகனின் இரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தீர்களா? குழந்தையின் சோதனை முதலில் வேண்டும். அதில் ஒட்டு தென்பட்டால் பெற்றோர் இருவரின் சோதனையும் வேண்டும். அடுத்த குழந்தை பற்றிய கணக்கு அதிலேதான் இருக்கிறது. ஒட்டு இல்லாத வழக்கமான வகையானால், இளம் தாய்க்கு அடுத்த பிள்ளையும் அவ்வாறு பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். இதை அறியாமல் இரண்டாம் பிள்ளையே வேண்டாம் என்று இருந்துவிட்டோரும் உளர். இரண்டாம் மனைவி வேண்டும் என்று கிளம்பினோரும் உளர்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பது மற்றொரு பேச்சு. டவுன் சிண்ட்ரோமுக்கும் உறவுத் திருமணத்துக்கும் இவ்வகையில் தொடர்பில்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு நான் நழுவப் போவதில்லை. வேறு பல நோய்களுக்கு மெய்யாகவே தொடர்பு உண்டு. ஒரு குறையை மறைவாகச் சுமக்கும் தந்தையும், அதே குறையை மறைவாகச் சுமக்கும் தாயும் கூடினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வெளிப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாலசீமியா என்னும் இரத்தக் குறைவு நோய் இவ்வகையது. ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் மணந்தால் அதே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பொதுவாகக் கடும் பிறவி நோய் நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வருமானால், இத்தகைய மணங்களில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தமிழ்நாடு இவ்வழக்கம் மிகுந்த மாநிலம். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணந்தவர்களே. மார்க்கம் அனுமதித்ததாயிற்றே என்பர். அனுமதி வேறு, ஏவல் வேறு. இமாம் நவவீ தம் ‘மின்ஹாஜ்’ நூலில், மணப்பெண் நெருங்கிய உறவாக இல்லாதிருப்பதை விரும்பத்தக்க பண்புகளுள் ஒன்றாக எண்ணியிருக்கிறார். உறவுக்குள் மணந்தால் பிள்ளை மெலியும் என்று ஹதீஸாக வழங்கும் சொல்லுக்கு நம்பத்தக்க மூலம் இல்லை என்று இப்னுஸ் ஸலாஹ் கூறியதும் நினைவில் இருக்கட்டும். மூலம் இல்லாததை மூலமாகக் காட்டி வாதாட நான் விரும்பவில்லை. சொத்து வெளியே போகாமல் இருக்க மாமன் மகளைக் கட்டுவது, பிள்ளை நோயோடு பிறந்தால் அதே மாமன் மகளை மட்டும் குறை கூறுவது என்ற இரட்டை வழக்கையே சாடுகிறேன். பாட்டன் இருவருக்கும் பொதுவானவர் அல்லவா?

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நிகழ்ச்சி ஒன்று உண்டு. தன் மனைவி கறுத்த ஆண் குழந்தை பெற்றாள் என்று, ஐயத்தை உள்ளே வைத்து, ஒருவர் நாயகத்திடம் முறையிட்டார். அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை நாயகம் (ஸல்) விசாரித்தார்கள். செந்நிற ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் கன்று எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஏதோ ஒரு ‘இர்க்’, அதாவது முன்னோர் வேர், இழுத்திருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். உம் மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்ற கருத்தில் அவருக்கு விடை கிடைத்தது. பிள்ளையை மறுக்க அனுமதி கிடைக்கவில்லை. உடனே சிலர் எழுந்து, குரோமோசோமை அன்றே சொல்லிவிட்டோம் என்று மேடை போடுவர். வேண்டாம் ஐயா! ‘இர்க்’ என்பது குரோமோசோம் அன்று. டிஜோ எண்ணியதை அவர் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஹதீஸிலிருந்து நாம் எடுக்க வேண்டிய சட்டம் வேறு: குழந்தையின் தோற்றத்தைக் காட்டித் தாயின் மீது விரல் நீட்டாதே என்பது. அதைக் கைக்கொள்ள உருப்பெருக்கி தேவையில்லை.

பெண் குழந்தை விஷயத்தில் நடக்கும் அநியாயமும் இதன் உடன்பிறப்பே. தாய் தரக்கூடியது எக்ஸ் மட்டுமே. எக்ஸா ஒய்யா என்பது தந்தையின் அணுவைப் பொறுத்தது. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் புழுக்களை ஆராய்ந்து இதைக் கண்டார். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஜாஹிழ் தம் ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில் அபூ ஹம்ஸா என்பவரின் கதையைப் பதிவு செய்தார். மனைவி பெண் பெற்றாள் என்று வெறுத்து அண்டை வீட்டில் தங்கியவர் அவர். ஒருநாள் அவ்வழியே செல்கையில், விதைத்தவன் விதைத்ததையே நிலம் விளைவிக்கும் என்ற பொருளில் அவள் மகளைத் தாலாட்டுவதைக் கேட்டு நாணி வீடு திரும்பினார். நம் அபூ ஹம்ஸாக்களுக்கு அந்த நாணம்கூட வரக் காணோம்.

மகப்பேறு இல்லாத வீடுகளிலும் இதே கதை. எக்ஸ் ஒன்றே உடைய பெண்களும் உண்டு, சுமார் 2500 பெண்களுக்கு ஒருவர். அது டர்னர் சிண்ட்ரோம். எக்ஸ் ஒன்று கூடுதலாகி எக்ஸ் எக்ஸ் ஒய் ஆக அமைந்த ஆண்களும் உண்டு, சுமார் 600 ஆண்களுக்கு ஒருவர். அது கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். எண்ணிக்கையில் எது மிகுதி என்று பாருங்கள். இவ்வாண்களில் பெரும்பாலோர் தம் நிலையை அறியாமலே வாழ்கின்றனர். மலடி என்று தாய்வீட்டுக்கு அனுப்பப்படுபவளோ சோதிக்கப்படாமலே தண்டிக்கப்படுகிறாள். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி குரோமோசோம் கோளாற்றால் கலைபவை. தண்ணீர்க் குடம் தூக்கினாள், மாடிப்படி ஏறினாள் என்பதெல்லாம் வெறும் பேச்சு.

ஜமாஅத்தில் தீர்த்து வைக்க வேண்டி என்னிடம் வந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தாய்க்கு 23 வயது, முதல் பிள்ளை. பையன் வீட்டார் தலாக் கேட்டு வந்தனர். குழந்தையைத் தூக்கி வரச் சொன்னேன். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கிற்று. உதடு நீலம் பூத்திருந்தது. மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டதற்கு, ஆறு மாதமாகத் தாயத்தும் ஓதிப் பார்த்த தண்ணீரும் கொடுத்து வருகிறோம் என்று பெருமையோடு பதில் வந்தது. தலாக்கை அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவைத்தேன். இதயத்தில் ஓட்டை இருந்தது. நல்லவேளையாக அறுவைக்குக் காலம் கடந்திருக்கவில்லை. பிள்ளை பிழைத்தது. கணவனும் மனைவியும் சேர்ந்தே வாழ்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

தாயத்துக் கட்டுவோர் என்மீது சினம் கொள்ளட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். சில வகைக் குறைகளை முதலாண்டுக்குள் சரி செய்யாவிட்டால், நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் நிலைத்துப்போய், பிறகு அறுவை செய்யவும் இயலாமற் போகும். ஓதிப் பார்க்க நான் தடை சொல்லவில்லை. ஓதிவிட்டு இதய எக்கோ சோதனைக்குத் தூக்கிச் செல்லுங்கள் என்கிறேன். தைராய்டு, செவி, கண் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, கட்டாத ஒட்டகத்துக்குத் தாயத்து மாட்டுவதை என்னவென்பது? ஏழைகள் எங்கே போவார்கள் என்ற சாக்கும் செல்லாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைக்கு வழியுண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பிறவிக் குறைப் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பிள்ளைகள் பத்து வயதைக் காண்பதே அரிது. 1980களின் தொடக்கத்தில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரி ஆயுள் சுமார் 25. இன்று அங்கே சுமார் 60. இடைப்பட்ட காலத்தில் குரோமோசோம் மாறவில்லை. அறுவையும் பயிற்சியும் வீட்டார் மனமும் மாறின. சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் என்னும் தாய், தம் மகளுக்கு இந்நிலை இருப்பதை அறிந்த பின் 1980களில் தொடங்கிய பணியே இன்று இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக வளர்ந்திருக்கிறது. பல்வகைக் குறைபாடு உடையோர்க்காக 2005இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் உள்ளது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. எத்தனை மஹல்லாக்களில் இவற்றைப் பற்றி ஒரு ஜும்ஆவிலேனும் சொல்லியிருக்கிறோம்?

இறுதியாக, பலர் பேசக் கூசும் ஒன்று. ஹனஃபி ஃபகீஹுகள் ‘மஜ்னூன்’ வேறு, ‘மஃதூஹ்’ வேறு என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்து வைத்தனர். முன்னவர் அறிவு முற்றும் மறைந்தவர். பின்னவர் அறிவு குறைந்தவர், விவரம் தெரியத் தொடங்கிய சிறுவனின் நிலையில் வைக்கப்படுபவர். நாமோ இருவரையும் பைத்தியம் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். அடைத்ததோடு நிற்கவில்லை, தந்தை மவுத்தாகிப் பாகம் பிரிக்கும்போது, அவனுக்கெதற்குப் பங்கு, அண்ணன்மார் சோறு போடுவார்கள் என்று அவன் பெயரையே எடுத்துவிடுகிறோம். கொலை செய்தவன் வாரிசுரிமை இழப்பான் என்று ஃபராயிள் சொல்கிறது. அறிவு குறைந்தவன் இழப்பான் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. சகோதரனுக்கு எத்தனை பங்கோ அவனுக்கும் அத்தனை பங்கு, சகோதரிக்கு எத்தனை பங்கோ அத்தகைய பெண்ணுக்கும் அத்தனை பங்கு. அந்தச் சொத்தைக் காக்க ஒருவர் வேண்டுமென்றால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கிறது. விண்ணப்பத்தைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கலாம். அதற்கான மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டுமானால், பிள்ளையை முதலில் வீட்டுக்கு வெளியே கொண்டுவர வேண்டும்.